கழிவு ஆயில் வேண்டாம், கணக்கு வேண்டும்!

 

கோடை பிறந்தால் நம் குடியிருப்புகளுக்கு ஒரு தர்மம் வந்து சேருகிறது. மெக்கானிக் ஷெட்டிலிருந்தோ, லாரி நிற்கும் யார்டிலிருந்தோ ஒரு பீப்பாய் கருப்பு ஆயில் வருகிறது. "உங்கள் தெருவில் புழுதி பறக்கிறதே, இதை ஊற்றிக்கொள்ளுங்கள், காசு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போகிறார்கள். நம்மவர்களும் கும்பிடு போட்டு வாங்கி, தகர டப்பாவில் ஓட்டை போட்டுத் தெரு முழுக்கத் தெளிக்கிறார்கள். சில நாட்களுக்குப் புழுதி எழுவதில்லை. கொடுத்தவன் வள்ளல், வாங்கிக் கொடுத்தவர் தெருவின் தலைவர்!

அந்தப் பீப்பாயை எதிர்த்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அது தர்மம் அல்ல, குப்பை. காசு கொடுத்துக் கழிக்க வேண்டிய நச்சுக் கழிவை, காசில்லாமல் நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் கொட்டிவிட்டு, அதற்கு நம்மிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு போகிற தந்திரம் அது.

ஆனால் ஆயிலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிப் பேச்சு. புழுதியைத் தின்றுகொண்டே கிடங்கள் என்று யாருக்கும் புத்தி சொல்ல நமக்கு உரிமை இல்லை. புழுதியை நம் கையாலேயே அடக்க வழி உண்டு. அதைச் செய்ய வேண்டும். செய்ததற்கு நாள், ஆள், பொருள் என்று கணக்கும் எழுத வேண்டும். அந்தக் கணக்கை நகரசபையின் மேசையில் வைத்து, "இது உங்கள் வேலை, நாங்கள் செய்தோம், இனி நீங்கள் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். இதுவே நம் நிலை.

புழுதி எங்கிருந்து வருகிறது?

தார் போட்ட சாலைக்கும் நம் தெருவுக்கும் என்ன வித்தியாசம் என்று கொத்தனாரைக் கேளுங்கள், அவர் சொல்வார். கல்லும் மணலும் மட்டும் இருந்தால் சுவர் நிற்காது. இடையில் சாந்து வேண்டும். சரளைச் சாலைக்கும் அதே கதைதான். கல் பாரத்தைத் தாங்குகிறது. மணல் இடைவெளியை நிரப்புகிறது. நைசான மண், அதிலும் கொஞ்சம் களிமண், இரண்டையும் பிடித்து வைக்கிறது. அந்த நைசான மண்தான் சாலையின் சாந்து.

லாரிச் சக்கரம் கல்லை அரைக்கிறது, மேல்மண்ணைப் பெயர்க்கிறது. வண்டிக்குப் பின்னால் உண்டாகும் காற்று அந்தப் பொடியைத் தூக்கி வீசுகிறது. ஆக, நம் வீட்டுச் சோற்றுப் பானையில் விழுவது வெறும் அழுக்கு அல்ல, சாலையின் சாந்து. சாந்து பறந்த பின் கல் தனித்து நிற்கிறது, பெயர்கிறது, பள்ளம் விழுகிறது, பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. கோடையில் புழுதி, மழையில் சேறு. இரண்டும் இரு வேறு நோய் அல்ல, ஒரே நோய்.

இது கொஞ்சநஞ்சம் அல்ல. அமெரிக்கச் சாலைப் பொறியாளர்கள் சொல்லிவரும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு மைல் மண் சாலையில் ஒரே ஒரு வண்டி, நாளைக்கு ஒரு தடவை, வருஷம் முழுவதும் போனால், சாலையின் இரு பக்கமும் ஐந்நூறு அடி தூரத்துக்குள் ஒரு டன் புழுதி படியும் என்பது அந்தக் கணக்கு. ஒரு வண்டிக்கு ஒரு டன்! கட்டடத்துக்கு ஜல்லியும் மணலும் ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் லாரி போகிற தெருவில் எத்தனை டன் ஆகும்? அந்த ஐந்நூறு அடிக்குள் குடியிருப்பது யார்? கட்டடம் கட்டுகிறவன் குடும்பம். கட்டடத்தின் சொந்தக்காரர் அல்ல.

கண்ணுக்குத் தெரிகிற புழுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். பத்து மைக்ரானுக்கும் குறைந்த பொடி மார்புக்குள் இறங்கும். தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத பொடி அது. காற்றில் அப்படிப்பட்ட பொடி ஒரு கன மீட்டருக்கு, நாள் சராசரியில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் அளவுகோல் சொல்கிறது. அளவுகோல் இருக்கிறது, ஆனால் அளக்கும் கருவியை நம் தெருமுனையில் யாரும் வைப்பதில்லை.

பாட்டன்மார் சுவாசித்த தூசி

தூசி என்றால் என்ன என்று நமக்குப் பாடம் எடுக்க வெளியார் வேண்டாம். கோலார் தங்க வயலில் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். 1940-களில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடையே நடந்த மருத்துவ ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, நுரையீரலையே வடுவாக்கி இறுக்கிவிடுகிற நோய் அது. அதைக் குணப்படுத்த மருந்து இன்றும் இல்லை. அது வந்தவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும்.

2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் போன இடம் தெரியவில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் குடியிருப்புகளை ஒட்டி மலைபோல் நிற்கின்றன. காற்றடித்தால் அந்த மண் இன்றும் பறக்கிறது. முதலாளி போகும்போது லாபத்தை எடுத்துக்கொண்டு போவான், தூசியைத் தொழிலாளிக்கு விட்டுவிட்டுப் போவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தெருப் புழுதியும் சுரங்கத் தூசியும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. தெருப் புழுதி குடித்த எல்லோருக்கும் சிலிக்கோசிஸ் வரும் என்று பயமுறுத்தவும் இல்லை. ஆனால் "தூசிதானே, துடைத்துக்கொள்" என்கிற பேச்சை நம் பாட்டன்மாரும் கேட்டார்கள். அந்தப் பேச்சை மறுபடியும் நம்பத் தேவையில்லை.

டைம்ஸ் பீச் சொல்லும் பாடம்

இப்போது பீப்பாய்க்கு வருவோம்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர் இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். பெரும் பணக்காரர்கள் அல்ல. தெருக்களுக்குத் தார் போட ஊர் சபையிடம் பணம் இல்லை. 1972 முதல் சில ஆண்டுகள், ஒரு கழிவு ஆயில் வியாபாரியைக் கூப்பிட்டுத் தெருக்களில் ஆயில் தெளிக்கச் செய்தார்கள். மலிவான வேலை. புழுதியும் அடங்கியது. எல்லோருக்கும் திருப்தி.

அந்த வியாபாரி மெக்கானிக் ஷெட்டுகளில் மட்டும் ஆயில் எடுக்கவில்லை. ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவையும் எடுத்து, ஆயிலோடு கலந்திருந்தான். அதில் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருந்தது. 1971-இலேயே அதே ஆள் ஒரு குதிரை லாயத்தில் புழுதிக்காக ஆயில் தெளித்திருந்தான். அங்கே முதலில் பறவைகள் செத்து விழுந்தன. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அடுத்தடுத்துச் செத்தன. அந்த மண்ணில் விளையாடிய சிறுமி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்படியிருந்தும் டைம்ஸ் பீச் மக்களுக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை. பத்தாண்டு கழித்து 1982-இல்தான் அரசாங்கம் வந்து மண்ணைச் சோதித்தது. 1983 பிப்ரவரியில், ஊரையே விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றப்போவதாக அறிவித்தார்கள். 1985-இல் அந்த ஊர் சட்டப்படி ஊராக இல்லாமல் போயிற்று. டைம்ஸ் பீச்சிலும் அந்த மாநிலத்தின் வேறு இடங்களிலும் தோண்டிய 2,65,000 டன் மண்ணை 1996, 1997 ஆண்டுகளில் உலையில் போட்டு எரித்தார்கள்.

மலிவு என்று தெளித்த ஆயிலுக்கு விலை ஒரு முழு ஊர்!

"நம் மெக்கானிக் ஷெட் ஆயிலில் அந்த நஞ்சு எங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பீப்பாயில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? டைம்ஸ் பீச் மக்களும் அது வெறும் ஆயில் என்றுதான் நினைத்தார்கள். வேறெதுவும் கலக்காத வெறும் எஞ்சின் ஆயிலே என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகப் பொடியும், ஈயம், காட்மியம் போன்ற நஞ்சும், கரிப்புகையிலிருந்து சேர்ந்த புற்றுநோய்ப் பொருள்களும் உண்டு. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்ததும் மறுபடி பொடியாகும். அப்போது பறப்பது வெறும் புழுதி அல்ல, நஞ்சு பூசிய புழுதி. மழை பெய்தால் அடிபம்புக்கும் கிணற்றுக்கும் இறங்கும். வெறுங்காலோடு ஓடும் குழந்தை வழியாக வீட்டுப் பாய்க்கும் வரும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திக் கழித்த ஆயில் அபாயக் கழிவு. அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். தெருவில் ஊற்றவும் கூடாது, பிறர் தெருவில் ஊற்றக் கொடுக்கவும் கூடாது. பணக்காரர் காலனியின் தெருவில் இதை ஊற்றச் சொல்லுங்கள் பார்க்கலாம். நாலு போலீஸ்காரர் வந்து நிற்பார்கள். நம் தெருவில் ஊற்றினால் அதற்குப் பெயர் சமூக சேவை!

நம் கையால் செய்யக்கூடியவை

நகரத்தின் சாலைகளைப் போட்டவர்கள் நாம். கிராவல் பரப்பியவர்கள், ஜல்லி உடைத்தவர்கள், ரோலருக்கு முன்னால் தண்ணீர் தெளித்தவர்கள் நம் ஆட்களும் நம் பெண்களும்தான். ஊருக்குப் போட்ட சாலையை நம் தெருவுக்குப் போட நமக்குத் தெரியாதா? செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, வேகம். வண்டி வேகம் குறையக் குறையப் புழுதி குறையும். இதற்குப் பைசாச் செலவு இல்லை. தெருவின் இரு முனையிலும் மண் நிரப்பிய பீப்பாய்களை இடம் மாற்றி மாற்றி வைத்தால் வண்டி வளைந்துதான் போக வேண்டும். வேகம் தானே அடங்கும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போக வழி விட்டு வையுங்கள். இருட்டில் தெரியும்படி வெள்ளை அடியுங்கள். லாரி போகிற தெருவானால் நாலு பேர் போய் லாரி முதலாளியைப் பாருங்கள். பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சாலையின் முதுகு. சரளைச் சாலை நடுவில் உயர்ந்தும் இரு ஓரமும் தாழ்ந்தும் இருக்க வேண்டும். பத்தடி அகலத் தெருவுக்கு நடு, ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயரமாக இருந்தால் போதும். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஓரத்துக்கு ஓடினால் பள்ளம் விழாது. பள்ளம் விழாவிட்டால் மண் பெயராது. ஓரத்தில் சிறு வாய்க்கால் எடுத்து, அதன் போக்கிடத்தையும் பார்த்து விடுங்கள். இல்லையேல் கொசுவை வளர்த்தவர்கள் ஆவோம்.

மூன்றாவது, சாந்து. ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சரளையை வாரி நடுவில் போடுங்கள். புதிதாகச் சரளை கிடைத்தால் அதில் களிமண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிடி எடுத்துக் கல்லை நீக்கி, நைசானதை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டினால் பென்சில் போலத் திரிய வேண்டும். திரியாமல் உதிர்ந்தால் பசை இல்லை என்று பொருள். அப்படியானால் பத்துச் சட்டி சரளைக்கு ஒரு சட்டி, மிஞ்சினால் ஒன்றரைச் சட்டி களிமண் சேருங்கள். அதற்கு மேல் போனால் மழையில் வழுக்கும். தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்கும்போதே திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். காய்ந்த மண்ணை இடிப்பது வீண் வேலை. அது புழுதிதான் கிளப்பும்.

நான்காவது, தண்ணீர். பத்தடி அகலம், நூறடி நீளத் தெருவுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் சுமார் 93 லிட்டர், அதாவது ஆறேழு குடம். குடிதண்ணீரை ஊற்றாதீர்கள், வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது. துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும். சாக்கடைத் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்தபின் அதுவும் பறக்கும். சேறாகும்படி கொட்டாமல் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னும், மாலையில் பிள்ளைகள் தெருவுக்கு வரும் முன்னும் தெளிப்பதே பலன் தரும்.

ஐந்தாவது, கால்சியம் குளோரைடு. இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மண்ணை ஈரமாகவே வைத்திருக்கும் ஒரு வகை உப்பு. பல நாடுகளில் சரளைச் சாலைகளுக்கு இதைத்தான் போடுகிறார்கள். சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, ஈர மண்ணின்மேல் பரப்ப வேண்டும். ஆனால் இது எல்லா ஊருக்கும் ஆகாது. பம்பாய் போன்ற கடலோர ஊரில் மழைக்காலம் முடிந்தபின் போட்டால் பயன் உண்டு. டெல்லியின் மே மாத வறட்காற்றில் இழுப்பதற்கு ஈரமே இல்லை, போட்டது வீண். மழை வந்தால் கரைந்து போகும். மரத்தின் வேருக்கும் கிணற்றுக்கும் கேடு. சைக்கிளும் தகரக் கதவும் துருப்பிடிக்கும். தண்ணீர் பட்டதும் சுடும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளை அண்டவிடக் கூடாது. ஆகவே தனித்தனியே வாங்கிக் கொட்டாமல், தெரு கூடிப் பேசி, அடிபம்பிலிருந்து தூரமான இடத்தில் மட்டும் போடுவது நல்லது. முதல் நான்கையும் செய்யாமல் இதை மட்டும் போடுவது, ஓட்டைப் பானைக்கு வெளியே சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். கிரஷர் பவுடர் இலவசமாகக் கிடைக்கிறது என்று மேலே தூவாதீர்கள். அது பாட்டன்மாரின் மார்பை அடைத்த அதே பாறைத் தூள். அனல் மின்நிலையச் சாம்பலைக் கொட்டாதீர்கள். இடித்த கட்டடக் கழிவில் கல்நார் ஷீட் துண்டு இருந்தால் அந்த லோடையே திருப்பி அனுப்புங்கள். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஈயையும் சேர்த்துப் பிடிக்கும், முதல் மழையில் ஓடியும் போகும்.

இரண்டு தவறான பேச்சுகள்

இதைச் சொன்னால் நமக்குள்ளேயே இரண்டு பேச்சு எழுகிறது.

ஒன்று: "நாமே செய்துகொண்டால் போதுமே, எதற்கு ஆபீசுக்கு அலைய வேண்டும்?" என்பது. இது நல்லவர்களின் பேச்சு. ஆனால் இதில் ஒரு மோசம் இருக்கிறது. நாம் போடும் களிமண்ணும் தெளிக்கும் தண்ணீரும் லாரிச் சக்கரத்துக்கு முன்னால் சில வாரம்தான் நிற்கும். மறுபடி செய்ய வேண்டும். வருஷம் முழுக்கச் செய்ய வேண்டும். யார் செய்வது? பெரும்பாலும் பெண்கள். சித்தாள் வேலை முடித்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, அதற்கு மேல் தெருவுக்கும் பூவாளி தூக்கவா? கூலி இல்லாத இன்னொரு வேலையை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு அதற்குச் சுயஉதவி என்று பெயர் வைப்பது நியாயம் ஆகாது. முறை வைத்தால் ஆண்களும் முறைக்கு வர வேண்டும்.

இன்னொன்று: "நாம் தெருவைத் தொட்டால் நகரசபை கைகழுவிவிடும், தொடாமல் இருந்து போராடுவோம்" என்பது. இது வீரர்களின் பேச்சு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போராட்டம் முடிகிற வரை இருமுகிற குழந்தை காத்திருக்குமா? செய்ததால் உரிமை போகாது; செய்ததை எழுதி வைக்காவிட்டால்தான் போகும். ஆயிரம் நாள் தெளித்தாலும் எழுத்தில் இல்லையென்றால் அதிகாரியிடம், "அங்கே புகாரே இல்லை" என்ற ஒரு வரி பதில் தயாராக இருக்கும்.

பணம் இல்லையா?

நகரசபை சொல்லும் முதல் பதில், "நிதி இல்லை." இதற்கு 1980-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் ஊரின் ஒரு தெருவாசிகள் சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி பணமில்லை என்று கைவிரித்து டெல்லி வரை போயிற்று. நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்: மக்களின் சுகாதாரத்தைக் காப்பது நகராட்சியின் சட்டக் கடமை; காசில்லை என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. ரத்லாம் மக்கள் கையில் எடுத்தது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை நீக்கும் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-ஆம் பிரிவாக இருக்கிறது. பிரிவு எண் மாறியது, உரிமை மாறவில்லை.

பணம் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2019-இல் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பணம் ஒதுக்கியது. அந்தத் திட்டத்தில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைத் தூசியை அடக்கவே போயிருக்கிறது என்று 2024-இல் டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கணக்குக் காட்டியது. தூசிக்கென்றே இவ்வளவு பணம்! அதில் நம் தெருவுக்கு வந்தது எத்தனை கூடை சரளை? தார் போட்ட அகலச் சாலையைக் கூட்ட இயந்திரம் வருகிறது, தண்ணீர் பீய்ச்சும் லாரி வருகிறது. தாரே பார்க்காத தெருவுக்கு எதுவும் வருவதில்லை. எந்த வார்டுக்கு எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் இடத்திலும் முகாமிலும் இருக்கிறவர்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திருத்த விதிகளின்படி, காற்றில் தூசி அளவு மீறிய நகரங்களில், கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போகும் சாலை தார்ச் சாலையாக இருக்க வேண்டும். மண்ணையும் மணலையும் மூடாமல் குவிக்கக் கூடாது. தண்ணீர் தெளிக்க ஏற்பாடு வேண்டும். தூசியைத் தடுக்க என்னென்ன செய்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்படி பலகை வைக்க வேண்டும். உங்கள் சைட்டில் அந்தப் பலகை இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அந்தப் பலகையைக் கேளுங்கள்.

"நாங்கள் புறம்போக்கில் இருக்கிறோம், வாயைத் திறந்தால் காலி செய்யச் சொல்வார்களே" என்ற பயம் பலருக்கு உண்டு. பயம் வீண் அல்ல. 2025 ஜூன் 1-ஆம் தேதி டெல்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கே தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வாயைத் திறந்ததால் அது இடிக்கப்படவில்லை. மாற்று வீடு கேட்ட 370 பேரில் 189 பேர்தான் தகுதியுள்ளவர்கள் என்று காகிதத்தை வைத்து முடிவு செய்தார்கள். மௌனம் யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு புகார் மனுவே வீட்டுக்குப் பட்டா ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தெருவில், இந்த வருஷத்தில், இந்தக் குடும்பங்கள் இருந்தன என்று ஆபீஸ் முத்திரையோடு சொல்கிற காகிதம், ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இந்த மாத வேலை

ஒவ்வொரு தெருவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். நம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர் எழுதட்டும். எந்தத் தேதியில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள்; எத்தனை சட்டி சரளை, எத்தனை குடம் தண்ணீர்; எந்த நாளில் எத்தனை லாரி போயிற்று; எந்த வீட்டில் யாருக்கு இருமல், எந்த ஆஸ்பத்திரிச் சீட்டு; இவ்வளவும் எழுதுங்கள். வேலை நேரத்துக்கு அந்த ஊரின் குறைந்தபட்சக் கூலியைப் போட்டுப் பெருக்குங்கள். வருகிற தொகைதான் நகரசபை நம் தெருவுக்குப் பட்ட கடன். அந்தக் கணக்கை ஒரு மனுவோடு சேர்த்து, அந்த மாநில மொழியிலும் எழுதி, வார்டு ஆபீசில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு நகல் சங்கத்துக்கு வரட்டும். பக்கத்துத் தெருவில் கன்னடரோ மராத்தியரோ பீகாரியோ இருந்தால் அவர்களையும் கையெழுத்துக்குக் கூப்பிடுங்கள். புழுதி மொழி பார்த்து மூக்கில் ஏறுவதில்லை.

கருப்பு ஆயில் பீப்பாய் வந்தால் இறக்க விடாதீர்கள். "இது என்ன ஆயில், எங்கிருந்து வந்தது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று கேளுங்கள். கையெழுத்துப் போட எந்த வள்ளலும் நிற்கமாட்டான். அப்படியும் இறக்கினால் வண்டி நம்பரைக் குறித்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

ஊரின் சாலைகளெல்லாம் நாம் போட்டவை. நம் தெருவுக்கு ஒரு நல்ல சாலை கேட்பது பிச்சை அல்ல. போட்ட வேலைக்குக் கூலி கேட்பதுதான். அந்தச் சாலை வருகிற வரை பூவாளி ஒரு கையில் இருக்கட்டும்; நோட்டு மறு கையில் இருக்கட்டும்!